போர்த்துக்கேயம் அறிந்த ஒரு செவி

எங்கள் தெருவில் இன்றும் ஒரு செய்தி சொல்லப்பட்டு வருகிறது. நூற்பாலைப் பொறியாளர் ஒருவரின் அயல்நாட்டு மனைவி பேச்சற்றுக் கிடந்தார் என்றும், பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் அவருடைய தாய்மொழி அறிந்த மருத்துவரைக் கோவாவில் தேடிக் கண்டுபிடித்துத் தொலைபேசியிலேயே நலமாக்கினார் என்றும் சொல்கிறார்கள். அந்தத் தமிழாசிரியன் நான். அண்மையில் ஒரு திருமண வீட்டில் இதனை ஒலிபெருக்கியில் சொல்லி எனக்குத் துண்டு போர்த்தினார்கள். மறுத்துப் பேச வாயெடுத்தேன், நாகசுரம் தொடங்கிவிட்டது. அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னால் அப்பெண்மணிக்கு நேர்ந்த காலத்தாழ்வை அறிந்தவருள் பாதிப்பேர் இன்று இல்லை. எஞ்சியவர்கள் என்மீதுள்ள பரிவால் பேசுவதில்லை. ஆதலின் நானே எழுதிவைக்கிறேன். அப்பெண்மணியின் இசைவையும் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

எண்பதுகளின் இறுதியில் அவர் இராசபாளையத்துக்கு வந்தார். எங்கள் அண்டைவீட்டுப் பொறியாளர் மொசாம்பிக் நாட்டு ஆலையொன்றில் பணியாற்றியபோது அவரை மணந்திருந்தார். பெண்ணின் முன்னோர் கோவாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் குடியேறியவர்கள். வீட்டு மொழி போர்த்துக்கேயம். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்ததால் இருவரும் இங்கு வந்துவிட்டனர். கணவர் வீட்டில் தெலுங்கு; தெருவில் தமிழ். ஓராண்டுக்குள் அவர் உப்பைத் தமிழிலும் மோரைத் தெலுங்கிலும் கேட்கப் பழகிக்கொண்டார். என் மனைவியோடு மதில்மேல் கிண்ணங்கள் கைமாறும். சிரித்த முகம். ஞாயிறுதோறும் கிறித்தவக் கோயிலுக்குப் போய்வருவார்.

மணமாகி நெடுங்காலம் கழித்துத் தொண்ணூறுகளின் நடுவில் கருவுற்றார். திருவில்லிபுத்தூரில் கணவரின் தாய்மாமன் இருந்தார். அவர் வீட்டருகே மகப்பேற்று மருத்துவமனை ஒன்றும் இருந்தது. ஆதலின் பேற்றுக்கு அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். எட்டாம் திங்களில் குழந்தை உயிரின்றிப் பிறந்தது.

இத்தகைய குழந்தையை எங்கள் பக்கத்தில் தாய்க்குக் காட்டுவதில்லை. அவள் மயக்கம் தெளியுமுன் ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துச் சென்று அடக்கம் செய்துவிடுவார்கள். கல் நடுவதில்லை, சடங்கு இல்லை, பெயரும் இல்லை. பின்னர் அவள் முன்னிலையில் அதைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. எல்லாம் அன்பினால் செய்வதே. தந்தையும் உடன் போகக் கூடாதென்று தாய்மாமன் தடுத்துவிட்டார். தம் கடையாட்கள் இருவரை அழைத்துக்கொண்டு தாமே போய்வந்தார்.

வீடு திரும்பிய பெண்மணி முதலில் தெலுங்கை விட்டார்; பின்னர் தமிழை. கணவரிடம் மட்டும் தம் மொழியில் ஓரிரு சொல் சொல்லி வந்தார். சில கிழமைகளில் அதுவும் நின்றது. உண்பது அருகியது. ஆனால் ஓரிடத்தில் இருக்கமாட்டார். காலையில் தொடங்கி முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கும், பின்கட்டிலிருந்து முன்கட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றே. நான் விடைத்தாள் திருத்தும்போது அந்தக் காலடி என் எழுதுகோலோடு சேர்ந்து நடக்கும். ஒரே தாளுக்கு இருமுறை மதிப்பெண் இட்டுவிட்டு அடித்தெழுதுவேன். அடி நின்றால் அச்சம், நடந்தால் தவிப்பு.

"அந்தப் பிள்ள இன்னைக்கும் ஒரு வாய் சாப்பிடல," என்றாள் என் மனைவி. "நீங்க பாட்டுக்கு பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கிய."

"நான் என்ன செய்ய? மதுரைக்குப் போயி பெரிய டாக்டரைப் பாத்துட்டுத்தான வந்திருக்காவ."

"அவரு இங்கிலீஷ்ல கேட்டாராம். இது அதும் பாஷையில சொல்லுச்சாம். நடுவுல புருசன் நின்னுக்கிட்டு மாத்தி மாத்திச் சொன்னாராம். புருசன நடுவுல வச்சுக்கிட்டு எந்தப் பொம்பள மனசத் தொறப்பா? நான் தொறப்பேனா?"

"நீ என்னைக்கு அத மூடி வச்ச?"

"நான் தொறக்கது வாயி. பெரிய வாத்தியாரு, வித்தியாசம் தெரியல. அதும் பாஷை தெரிஞ்ச ஒரு டாக்டர் இம்புட்டுப் பெரிய நாட்டுல இல்லாமயா போவாவ? தேடுங்க."

தேடினேன். தலைநகர்ப் பல்கலைக்கழகங்களுக்கு மடல் எழுதினேன். ஒரு பேராசிரியர் போர்த்துக்கேய இலக்கணம் கற்பிக்க முன்வந்தார். இன்னொருவர் அகராதிகளின் பட்டியல் அனுப்பினார். உளநோய் மருத்துவம் என்று நான் எழுதியிருந்ததை இருவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர், நாள்தோறும் நான் பணிக்குச் செல்லும் திருவில்லிபுத்தூரில் கிறித்தவக் கோயில் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. நெற்றியில் திருமண்ணோடு ஒரு மாலை தயங்கித் தயங்கி அதன் வாயிலில் போய் நின்றேன். பாதிரியார் இளையவர். செய்தி முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க தேடுதது சாமியாரையா சார், டாக்டரையா?"

"இரண்டும் ஒருவராகவே அமைந்தால் மிக நன்று."

"அது ரெண்டும் ஒண்ணாயிட்டா நோயாளி பாடு திண்டாட்டம்," என்று சிரித்தார். "கோவாவுல என்கூடப் படிச்சவரு ஒருத்தர் இருக்காரு. எழுதிப் பாக்கேன். அடிக்கடி வந்து கேக்காதிய, வந்தா நானே சொல்லி அனுப்புதேன்."

ஆயினும் அடிக்கடி போய்க் கேட்டேன். வகுப்பு முடிந்ததும் இராசபாளையப் பேருந்தை விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடப்பேன். மடல் வரவில்லை என்பதைப் பாதிரியார் கையசைத்தே தெரிவிப்பார். அடுத்த பேருந்தில் இடமிருந்தும் அமரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்து நின்றபடி ஊர் வந்து சேர்வேன். மதிலுக்கு அப்பால் அந்தப் பெண்மணியின் தோளெலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தது.

இரண்டு திங்கள் கழித்து விடை வந்தது. எழுதியவர், பாதிரியாரின் நண்பர் வழியே செய்தி அறிந்த கோவா அம்மையார்; போர்த்துகல் தலைநகர் லிசுபனில் உளநோய் மருத்துவம் பயின்று ஓய்வுபெற்றவர். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்றும், நேரில் வரும் அளவுக்கு உடல் தேறும் வரை இவ்வாறே பேசலாம் என்றும், மதுரை மருத்துவர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இறுதியில் ஒரு வரி: பேசும்போது அப்பெண் தனித்திருக்க வேண்டும், கணவரும் உடனிருத்தல் ஆகாது.

அம்மடலை அன்று மாலையே பொறியாளர் வீட்டுக் கூடத்தில் தமிழாக்கிப் படித்தேன். இறுதி வரிக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் மருமகளின் முழங்காலைத் தொட்டபடி அமர்ந்திருந்தார். துயருற்றவளைத் தனியே விடாதிருப்பது எங்கள் ஊர்களில் எழுதாச் சட்டம். பகலில் ஒருவர் மாற்றி ஒருவர் அருகிருப்போம், படுக்கையும் அருகிலேயே. தனியே விட்டால் கைவிட்டதாகப் பொருள். அவள் ஏதும் செய்துகொள்வாளோ என்ற அச்சமும் உண்டு. இத்துணை நாள் கண்துஞ்சாது காத்த மாமியாரிடம், முகமறியா ஒருவர் "நீங்கள் விலகி நில்லுங்கள்" என்கிறார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வரியை விடுத்து மடலை மடித்தேன். மொழிபெயர்ப்பு நெறி பற்றி ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்தவன் நான். ஒரு வரிதானே என்று அன்று எண்ணினேன்.

பொறியாளர் வீட்டில் தொலைபேசி இல்லை. பஞ்சு மார்க்கெட் அருகே கண்ணாடி அறையோடு கூடிய எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. முதல் ஞாயிறன்று அந்த ஒற்றை அறைக்குள் பெண்மணி, கணவர், மாமியார், என் மனைவி ஆகிய நால்வரும் புகுந்தனர். கதவு மூடவில்லை, அதன் இடைவெளியில் நான் நின்றேன்.

"சார், இது டெலிபோன் பூத்து. கல்யாண வேன் இல்ல," என்றார் பூத்துக்காரர்.

எதிர்முனைக் குரல் பேசியது. பெண்மணி கேட்டுக்கொண்டார்; கணவரை ஒருமுறை பார்த்தார்; ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறும் அவ்வாறே. மூன்றாம் ஞாயிறன்று, தம் மடலைப் பெற்ற மனிதரிடம் தொலைபேசியைக் கொடுக்குமாறு அம்மருத்துவர் கேட்டார்.

"என் மடலை அவர்களுக்கு முழுமையாகப் படித்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் வினவினார்.

சட்டைப்பையிலிருந்த அம்மடலைத் தொட்டுப் பார்த்தேன்.

"உங்கள் பக்கம் இப்போது எத்தனை பேர் நிற்கிறீர்கள்?"

"ஐவர்," என்றேன். காதைத் தீட்டிக்கொண்டிருந்த பூத்துக்காரரைப் பார்த்து, "அறுவர்," என்று திருத்தினேன்.

"நான் ஒருவருக்குத்தான் மருத்துவம் பார்க்க ஒப்புக்கொண்டேன்," என்று சொல்லி அம்மையார் இணைப்பைத் துண்டித்தார்.

அங்கேயே, சாலையோரத்தில், நான் மறைத்த வரியைச் சொன்னேன். பொறியாளர் நிலத்தைப் பார்த்தார். மாமியார், "ஒண்டிகா ஒதலொத்து," என்று மீண்டும் மீண்டும் சொன்னார். தனியாக விடாதே என்பது பொருள். என் மனைவி என்னைத் தாண்டிப் போய் மாமியாரின் கையைப் பற்றினாள்.

"கண்ணாடிதான அத்த. நாம வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருப்போம். பாக்கலாம், கேக்கத்தான் கூடாது. பாத்துக்கிட்டு இருந்தா தனியா விட்டதாகுமா?"

மாமியார் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டூல் போடச் சொல்லு," என்றார்.

நான்காம் ஞாயிறு. கண்ணாடிக்கு நேரெதிரே முக்காலியில் மாமியார் கண்ணிமைக்காமல் அமர்ந்திருந்தார். உள்ளே பெண்மணி தனியாக நின்றார். முதலில் வாய் அசையவில்லை. பிறகு அசைந்தது. நிறுத்தாமல் அசைந்தது. சுவரை உள்ளங்கையால் அறைந்தார். கணவர் கதவை நோக்கிப் பாய்ந்தபோது என் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்த நேரம் நில்லுங்க தம்பி. அழட்டும். இம்புட்டு நாளா அழ விட்டோமா நாம?"

வெளியே வந்த பெண்மணி கணவரிடம் தம் மொழியில் ஒரே ஒரு தொடர் சொன்னார். அவர் பூத்துப் படியில் அமர்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே எங்களிடம் சொன்னார்.

"கொழந்தையை எங்க வச்சிருக்கியன்னு கேக்கா. டாக்டரம்மா என்கிட்டயே கேக்கச் சொன்னாவளாம்." பிறகு குரல் தாழ்த்தி, "மதுரையிலயும் இதத்தான் கேட்டா சார். டாக்டர் என்ன சொல்லுதாங்கன்னாரு. தூக்கம் வரலைங்கான்னு சொல்லிட்டேன். எனக்கே தெரியாதே, எங்கன்னு."

அவர் ஒரு வரியை விழுங்கினார். நான் ஒரு வரியை விழுங்கினேன். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு ஏது தகுதி? குழந்தை பிறக்கவே இல்லை என்பதுபோல நாங்கள் அனைவரும் நடந்துகொண்டதாகவே அப்பெண்மணி எண்ணியிருந்தார்.

மருத்துவர் கூறியபடி தாய்மாமனிடம் சொல்லி ஒருநாள் முற்பகலில் புறப்பட்டோம். செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் ஓர் ஓடைப்பக்கம் வண்டி நின்றது. தாய்மாமன் இறங்கி முன்னும் பின்னும் நடந்தார். ஒரு புளியமரத்தை அடையாளம் வைத்திருந்தாராம். மரத்தை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

"இதாத்தான் இருக்கும் மாப்பிள," என்றார். பத்தடி நடந்து, "இல்ல, இங்கன," என்றார். ஓடையைக் கடந்து அக்கரையில் ஓரிடத்தைக் காட்டினார். வேட்டித் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அன்னைக்கு நல்ல மழை. குனிஞ்ச தல நிமிராமத்தான் வச்சுட்டு வந்தோம். தேடி வருவியன்னு யாரு நெனச்சா? மன்னிச்சுக்கோ தாயி."

கணவர் அதைப் போர்த்துக்கேயத்தில் சொல்லத் தொடங்கினார். பெண்மணி கையமர்த்தினார். பல திங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து தமிழ் வந்தது.

"வெளங்குது. மூணு இடமா?"

"மூணுல ஒண்ணு, தாயி."

"அப்ப மூணுலயும் உக்காருதேன்."

உட்கார்ந்தார். ஒவ்வோரிடத்திலும் தரையில் கைவைத்துத் தம் மொழியில் ஏதோ சொன்னார். நாங்கள் வண்டியருகே திரும்பி நின்றோம்; அன்று எவரும் உடன் போகவில்லை. திரும்பும் வழியில் பசிக்கிறது என்றார். தொலைபேசி உரையாடல் அதன்பின்னும் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. நடை உடனே நின்றுவிடவில்லை. சிறுகச் சிறுகவே குறைந்தது. இன்றும் அவர் ஆண்டுக்கொருமுறை அம்மூன்று இடங்களுக்கும் போய்வருகிறார்.

இக்கட்டுரையில் பிழைகள் இருத்தல் கூடும். போர்த்துக்கேயம் நான் அறியேன். அம்மொழியில் பேசப்பட்டவற்றைப் பிறர் சொல்லக் கேட்டே எழுதியுள்ளேன். நாள் வரிசையிலும் தவறியிருக்கலாம். இவற்றைத் திருத்துவோர்க்கு நன்றியுடையேன். ஆயினும் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். தாய்மாமன் மறைந்துவிட்டார். அன்று அவருடன் சென்ற கடையாட்கள் இருவரோ, அவர்கள் சொல்லக் கேட்டவர்களோ இதைப் படிக்க நேர்ந்தால், அந்தப் புளியமரம் ஓடையின் எக்கரையில் நின்றதென்று எனக்குத் தெரிவியுங்கள். நான் எழுதியதை அடித்துவிட்டு நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். அன்றே அப்பெண்மணியிடமும் சொல்வேன், ஒரு சொல்லும் விடாமல்.