பத்மா முதலிடம் வந்த கதை

போன ஞாயிறு சாயங்காலம் என் பதவி பறிபோனது. அரசியல் பதவி இல்லை… சைக்கிள் ஆப்பில் நான் வைத்திருந்த முதலிடம்!

கலங்கரை விளக்கத்திலிருந்து நொச்சிக்குப்பம் வழியாகப் பட்டினப்பாக்கம் வரை போகும் கடலோரச் சாலையில், பெண்களின் வேகப் பட்டியலில் பல மாதங்களாக நான்தான் ஃபர்ஸ்ட். காலையில் பேப்பரைப் பிரிக்கும் முன்பே அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அந்த இடத்தில் இப்போது வேறு பெயர் — பத்மா.

எந்த பத்மா? எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியில் கடைசியாக வந்து, பாதி வழியில் இறங்கி இளநீர் குடிக்கிற, என் பக்கத்துத் தெரு பத்மா!

வழியெல்லாம் மீன் கடை, வேகத்தடை, குறுக்கே வரும் நாய். ஆப் காட்டிய வேகத்தில் அங்கே யாராலும் சைக்கிள் மிதிக்க முடியாது. மிதித்துப் பார்த்த கால் சொல்கிறது. சந்தேகமான சவாரியைப் புகார் செய்ய ஆப்பில் ஒரு பட்டன் உண்டு. விரல் அதன் மேல் போய்விட்டது. ஆனாலும் தோழி ஆயிற்றே… மறுநாள் நேரிலேயே போனேன்.

அவள் வீட்டில் மைசூர்பாகு!

“வாங்கோ, சாம்பியனைப் பாக்க வந்தேளா?” என்று தட்டை நீட்டினார் அவள் கணவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, சித்தி, அத்தை என்று ஒருவர் விடாமல் வாழ்த்தியாயிற்றாம்.

“நேத்து ஒரு எடத்துலகூட எறங்கலை, தெரியுமோ?” என்றாள் பத்மா. “இளநீர்க் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை.” முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பொய் சொல்கிற முகம் இல்லை.

“சரி, போனை எங்கே வெச்சிருந்தே?”

“சம்பத்கிட்டதான்.”

புரிந்துவிட்டது! முழங்கால் வலியால் சைக்கிளை விட்ட சம்பத், தண்ணீர் கேனோடு ஸ்கூட்டரில் எங்களுடன் வருவார். கிளம்பும்போது எல்லோரும் போனை அவர் பையில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். மற்றவர்களுக்குக் கணக்கு வைக்கக் கையில் வாட்ச் இருக்கிறது. பத்மாவுக்குப் போன் மட்டும்தான். ஆப்பை ஆன் செய்து, அப்படியே பையில் போட்டிருக்கிறாள்.

சம்பத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, பத்மா முதலிடம் வந்ததைச் சொல்லி விசாரித்தேன்.

“இன்னா மேடம், போட்டோ எடுக்க நான் முன்னாடி போய்க்கினு இருந்தேன். போன்லாம் என் பையிலதான இருந்துச்சு!” என்றவர் ஒரு நொடி யோசித்தார். “அப்போ… லேடீஸ்ல ஃபர்ஸ்ட் வந்தது நானா?”

அவள் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்மா சிரிக்கவில்லை.

“அப்போ, நான் ஓட்டினது எங்கே?” என்று கேட்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சாலை முழுவதையும் இறங்காமல் மிதித்திருக்கிறாள். அதற்கு எங்கேயும் பதிவே இல்லை. இந்தப் பட்டியல்கள் போன் போன வேகத்தை அளக்கின்றன. போன் யாரோடு போனது என்று அவற்றுக்கு என்ன தெரியும்? முதலிடத்துக்காகச் சண்டை போட வந்த எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவளோ நான் சொல்லும் முன்பே அந்தச் சவாரியை அழித்துவிட்டாள்.

இன்று மறுபடி ஞாயிறு. சம்பத் பையை நீட்டினார். பத்மா போனைத் தரவில்லை. இடுப்புப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கினாள், முகம் சிவந்தது, இறங்கவே இல்லை. முடித்ததும் பட்டியலில் அவள் பெயரைத் தேடினோம். கீழே… இன்னும் கீழே… ரொம்ப நேரம் தள்ளிய பிறகுதான் கிடைத்தது.

அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: “இதுதான்டா அம்மா ஓட்டினது.”

முதலிடமா? அது எனக்கே திரும்பி வந்துவிட்டது. அதற்கு யாரும் மைசூர்பாகு தரவில்லை!