ரேடியோ மேசையின் டிங்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ரேடியோ என்றுதான் பெயர். பார்வை இல்லாதவர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் அவர் மேசையில் ஓயாமல் பேசும். அது மூச்சு விடும் நேரத்தில் அவர் பேசுவார். அப்படி ஒரு வாய்!

ரிப்போர்ட்டுகளை அவர் சரிபார்த்த பிறகே பக்கத்து மேசை அக்காவிடம் கையெழுத்துக்குப் போகும். அந்த சாஃப்ட்வேரை எழுதிய புண்ணியவான்கள் பட்டன்களுக்குப் பெயர் வைக்கவில்லை. எங்கே போனாலும் ‘பட்டன், பட்டன்’ என்றே வாசித்தது. ரேடியோ விடுவாரா? ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் எழுதி ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தார். அதோடு நின்றாரா என்றால், இல்லை. ஒருவருடைய ரத்த அளவு போன தடவையிலிருந்து ஏடாகூடமாக மாறியிருந்தால் ‘டிங்’ என்று அடிக்கவும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார்.

“டிங் டிங்னு உயிரை வாங்கறியேய்யா!” என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி வந்தார். “படிச்சுச் சொல்லத்தான் சார் இதுக்கு அனுமதி. சாஃப்ட்வேர் மாறி டிங் அடிக்காம போனா யாரு பதில் சொல்றது? அதை எடுத்துடுங்க. இல்லேன்னா எல்லா ஸ்கிரிப்ட்டையும் எடுக்கவேண்டி வரும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எல்லாம் போனால் மறுபடி ‘பட்டன், பட்டன்’தான், வேலையும் போய்விடும்.

வீட்டில் மனைவி, “உங்களுக்குப் படிச்சுக் காட்டுதில்ல, அது போதாதா?” என்றாள்.

“கண்ணு படிக்கறதுக்கு மட்டும்தானா? அப்புறம் என்னை எதால முறைப்பே?”

“நான் முறைக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீ பேசாம இருந்தா முறைக்கறேன்னு அர்த்தம்.”

சிரித்தாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் டிங்கை எடுத்தார். அன்றைக்கு வாயையும் திறக்கவில்லை.

அந்த வாரமே ஒரு பெரியவர் பதறிக்கொண்டு போன் செய்தார். ரத்த அளவு பாதியாகிவிட்டதாக ரிப்போர்ட் சொன்னதாம். பார்த்தால், இரண்டு பேருடைய ரத்தம் பிடித்த குழாய்கள் மாறியிருந்தன. நல்லவேளை, மருந்து எதுவும் மாறவில்லை. கையெழுத்து அக்காவுடையது.

அக்கா நேரே ரேடியோவிடம் வந்தார். “ஏன்யா டிங் அடிக்கல?”

ரேடியோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கண்ணு இருக்கற நீங்க பாக்கவேண்டியதுதானே?”

“எங்கய்யா பாத்தோம்? உன் டிங்கைக் கேட்டாத்தானே நிமிர்ந்தே பாப்போம்!” அக்காவின் குரல் உடைந்தது. ரேடியோவுக்கு அவர்மேல் அவ்வளவு பாசம் வந்தது. அவர் உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

டிங் வரும்வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்று அக்கா அதிகாரியிடம் ஒரே பிடியாக நின்றார். தினமும் காலையில் ஒரு பொய் ரிப்போர்ட்டை ஓடவிட்டு, டிங் அடிக்கிறதா என்று சோதித்த பிறகே வேலையைத் தொடங்கவேண்டும். டிங் அடிக்காவிட்டாலும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அக்கா பார்க்கவேண்டும். இந்த நிபந்தனைகளோடு அதிகாரி இறங்கி வந்தார்.

அடுத்த நாள் டிங் அடித்தது.

“ஆரம்பிச்சுட்டான், உயிரை வாங்க!” என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.