ஒரு காட்டுக்கு ஐந்து நாள்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு மெட்ராஸில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். எனக்குப் பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றார் அவர். நேரே இருப்பது தெரியும். ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, மருந்தும் கிடையாது என்றார். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அழவில்லை. கண் இருக்கும்போதே எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். கோயில், கடல் எல்லாம் பார்த்தாயிற்று. கூண்டில்லாத ஒரு மிருகத்தை, அது தானாக நடந்துபோகிற இடத்தில் பார்த்ததில்லை. தண்டலம் தாண்டும்போது கணவரிடம் முதுமலைக்குப் போகலாமா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார்.

அவர் மண்ணூர்க்காரர். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அடுத்த வாரமே உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் விசாரித்து, ஒரு தாளில் திட்டம் எழுதி வந்துவிட்டார். முதுமலை ஒரு நாள், பந்திப்பூர் ஒரு நாள், நாகரஹொளே ஒரு நாள், மீதிக்கு மைசூர், ஊட்டி. தாளைப் படித்துவிட்டு, முதுமலையில் மட்டும் ஐந்து நாள் இருக்கலாம் என்றேன்.

“ஒரே எடத்துல அஞ்சு நாள் இன்னா பண்றது? ரெண்டு நாள்ல பாத்துடலாம்.”

“நீங்க பாத்துடுவீங்க. நான் பாக்கணுமே.”

அவருக்குப் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மான் அடைப்புக்கு முன்னால் நின்று, ஒரு மானைக் காட்டுங்கள், நான் பார்த்தேன் என்று சொல்கிறவரை வாட்ச்சைப் பாருங்கள் என்றேன். அவர் கை நீட்டினார். என் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. மரத்தைத் தேடி, மரத்திலிருந்து புல்லுக்கு இறங்கி, புல்லில் ஊர்ந்து மானைப் பிடிப்பதற்குள் இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. அடுத்த மானுக்கு மூன்று நிமிஷம். மூன்றாவது நகர்ந்து போய்விட்டது. அவர் வாட்ச்சிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, வனத்துறை விடுதிக்கு அவரே கடிதம் எழுதினார். எத்தனை நாள் என்ற இடத்தில் ஐந்து என்று போட்டார்.

போக, வர நாளையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் எனக்கு ஆறு நாள் லீவு வேண்டும். சுவிட்சு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் மூன்று நாளுக்கு மேல் முடியாது என்றார். கண் விஷயத்தை அதுவரை கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். மூன்று நாளுக்கு ஒத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் மூன்று நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பத்தான் நேரம் இருக்கும். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன், டிராலியில் இடித்துக்கொண்டு முழங்கால் வீங்கியது உட்பட.

அவர் லீவுச் சீட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“போய்ட்டு வாம்மா. லைன்ல ஒன்ன இனிமே வெக்க முடியாது. பேக்கிங்ல கேட்டுப் பாக்கறேன்.”

என்ன ஆகும் என்று தெரியாமலேதான் கிளம்பினேன்.

பெங்களூர், மைசூர் வழியாகப் பஸ் மாறி, முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் இறங்கினோம். முதல் நாள் மாலை வனத்துறை வேனில் ஏறினோம். யாராவது “அதோ” என்பார்கள், வண்டி நிற்கும், எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள், நான் மரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். காட்டெருமை, மயில், தூரத்தில் ஒரு யானை என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். இரண்டாம் நாள் காலையும் அதே கதைதான். இறங்கியதும் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

“இன்னும் மூணு நாள் கீது. வண்டி வேணாம். ஒக்காருவோம்,” என்றேன்.

விடுதி ஆற்றைப் பார்த்து இருந்தது. வேலியைத் தாண்டக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லி, வராந்தாவில் உட்கார்ந்துகொள்ள அங்கே காவலுக்கு இருந்த வாட்சர் அனுமதி கொடுத்தார். மறுநாள் விடிந்ததிலிருந்து உட்கார்ந்தோம். எதிர்க்கரையை இடமிருந்து வலமாக நான் துண்டு துண்டாக மனப்பாடம் செய்தேன்: சாய்ந்த மருதமரம், இரண்டு பாறை, மூங்கில் புதர், மணல் இறக்கம். எங்கே எது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டாம் அல்லவா. அன்று புள்ளிமான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. யாரும் காட்டாமல் நானே பார்த்தேன்.

நான்காம் நாள் பத்து மணி இருக்கும். கணவர் என் முழங்கையை லேசாகத் தொட்டு, “மூங்கில்,” என்றார். அங்கே பார்த்தேன். சாம்பல் நிறமாக ஒரு தூண் தெரிந்தது. அது மடங்கியது. கால். காலிலிருந்து மேலே ஏறினேன்: வயிறு, மண் அப்பிய விலா, ஓரம் கிழிந்த காது, நெற்றி, அங்கிருந்து தும்பிக்கை வழியாகத் தண்ணீர்வரை. முழு யானை ஒரே நேரத்தில் என் கண்ணுக்குள் அடங்கவில்லை. ஆனால் அது அவசரப்படவில்லை, நானும் படவில்லை. பின்னாலேயே இன்னும் நான்கு வந்தன, ஒன்று குட்டி. ஒவ்வொன்றையும் காலிலிருந்து தலைவரை படித்தேன். அவை போன பிறகுதான் கணவர் வாட்ச்சைப் பார்த்தார். நாற்பது நிமிஷம் என்றார்.

கடைசி நாள் ஒரு குரங்குக் கூட்டத்தைத் தவிர எதுவும் வரவில்லை. பந்திப்பூர் பக்கம்தானே, ஒரு நடை போய் வரலாமா என்று அவரும் கேட்கவில்லை. மாலைவரை உட்கார்ந்திருந்தோம்.

ஊர் திரும்பியபோது பேக்கிங்கில் எனக்கு இடம் இருந்தது. பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் லீவைச் சேர்த்து வைத்து ஒரே ஒரு காட்டுக்குப் போனோம். கண் குறுகக் குறுக நாளைக் கூட்டினோம்: தேக்கடிக்கு ஆறு, நாகரஹொளேக்கு ஏழு. இன்று வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிறது. போன மாதம் அவர் பரம்பிக்குளத்துக்குக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டார். எத்தனை நாள் என்றார். அங்கே காதால்தான் பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. பத்து என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.