சேற்றில் இருந்த தாமிரம்

எம்.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட ப்ராஜெக்ட், பட்டாம்பூச்சிகளின் உடலை அளப்பது. தாம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன், செல்போன் எல்லார் கையிலும் வந்திராத வருடங்கள். வலையில் சிக்கிய பூச்சியை மெல்லிய பேப்பர் உறைக்குள் வைத்து, உடலின் நீளம், மார்பின் அகலம், முன்னிறக்கையின் நீளம் மூன்றையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு பறக்கவிட வேண்டும். விரல் கொஞ்சம் அழுத்தினாலும் செத்துவிடும். முதல் வாரத்தில் பதினொன்றைக் கொன்றேன்.

கல்லூரி வளாகத்தில் போதுமான பூச்சிகள் கிடைக்கவில்லை. ஈரச் சேற்றில் உப்பை உறிஞ்சுவதற்காகப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்காரும் என்று படித்திருந்தேன். அப்படித் தேடித்தான் சைக்கிளில் மாடம்பாக்கம் பக்கம் போய், அந்த மீன்குளத்தின் கரைக்கு வந்து சேர்ந்தேன்.

குளத்தை ஒரு கணவனும் மனைவியும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கடற்கரைக் குப்பத்துக்காரர்கள். படகில் அடிபட்டு அவருக்கு வலது தோளைத் தூக்க முடியாமல் போன பிறகு, கடலை விட்டுவிட்டுக் குளத்துக்கு வந்தவர்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அந்த அக்கா இருவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

"பூச்சிய அளந்து இன்னா பண்ணுவே?"

"எவ்வளவு நீளம்னு எழுதுவேன்கா."

"எழுதி?"

நான் நோட்டைப் புரட்டினேன். அக்கா சிரித்துவிட்டு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

நாலைந்து முறை போன பிறகு ஒருநாள் அக்காவே கேட்டார். "கட்லா பரவால்ல. இந்த மிர்கால்தான் கட்ட வெரலு சைஸுலயே நின்னுகினு கீது. அது அடியில மேயுற மீனு. நீ படிச்ச பொண்ணு. சேத்துல இன்னா கீதுன்னு பாத்து சொல்லேன்."

மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு இரண்டு வருடங்களாகப் பாசிக்கு மயில்துத்தமும் மீன்பேனுக்குப் பூச்சிமருந்தும் போட்டுவந்திருந்தார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேற்றை அள்ளிக்கொண்டுபோய் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவருக்கு அந்தக் குளத்தைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

அவர் சேற்றை வெள்ளைத் தட்டில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். நல்ல குளத்துச் சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களில் ஒன்றுகூட இதில் இல்லை. அவர் முகம் மலர்ந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே படாத ஒரு குளத்தைத் திருநீர்மலைப் பக்கம் கண்டுபிடித்தார். மாதாமாதம் இரண்டு குளங்களிலும் சேறு எடுத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்றாம் மாதம், வெளியே பரிசோதனைக்குக் கொடுத்ததன் முடிவுகள் வந்தன. மாடம்பாக்கத்துச் சேற்றில் தாமிரம் பல மடங்கு ஏறியிருந்தது. மயில்துத்தத்தில் இருந்த தாமிரம் அடியில் படிந்து, புழுக்களைக் கொன்று, அவற்றைத் தின்னும் மீன்களையும் வளரவிடாமல் செய்திருந்தது.

"சார், அவங்ககிட்ட சொல்லிடட்டுமா? மயில்துத்தத்த நிறுத்தினாலே பாதி சரியாயிடும்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நிறுத்திட்டா நமக்கு என்னம்மா இருக்கு? ஒரு வருஷ டேட்டா வேணும். நடுவுல நிறுத்தினா கம்பேரிஸனே போயிடும். பேப்பர் வரட்டும், நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

"சரி சார்" என்றேன்.

பல வருடங்கள் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என் வாயை யாரும் பொத்தவில்லை. இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது என்பது உண்மை. அதைவிட அசிங்கமான உண்மை ஒன்றும் உண்டு. கிராஃப் தாளில் தாமிர அளவின் கோடு மாதாமாதம் மேலே ஏறுவதைப் பார்க்க எனக்கும் பிடித்திருந்தது.

"ரிசல்ட்டு வந்துச்சா?" என்று போகும்போதெல்லாம் அக்கா கேட்பார். "இன்னும் வரலக்கா" என்பேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் ஒருமுறை அவரே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினார். "நடுவுல எட்த்தாதான கரீட்டா தெரியும்" என்று குனிந்து சேற்றை அள்ளி டப்பாவை நிரப்பித் தந்தார். அதே நேரம் எதிர்க்கரையில் அவர் கணவர், மயில்துத்தத்தின் நீலக் கற்களைச் சாக்கில் கட்டி, இடது கையால் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். கரையோரம் நீலம் பரவியது. நான் டப்பாவின் மேல் தேதி எழுதினேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் சேறு எடுக்கப் போனபோது, குளம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அக்காவின் கணவர் ஒற்றைக் கையால் வலையைப் போட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தார். அக்கா கரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"சேறு எடுக்க வந்தியா?" என்றார். "எட்த்துக்கோ."

எடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து, செத்த மீன்களை விலக்கிவிட்டு எடுத்தேன்.

"மழைத்தண்ணி கலந்து சேத்துல இருந்த தாமிரம் மேல வந்திருக்கு. கரெக்டான நேரத்துல எடுத்திருக்கே" என்றார் பேராசிரியர்.

குத்தகையை விட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்தது. மூன்றாவதாக என் பெயர். பேராசிரியர் நேரில் போய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பட்டாம்பூச்சிகளைப் பற்றி இன்டர்வியூவில் யாரும் கேட்கவே இல்லை.

நாலைந்து வருடங்கள் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். சங்கராவும் நெத்திலியும் விற்றுக்கொண்டிருந்தார். "பூச்சி அளக்கற பொண்ணுதான நீ?" என்று அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தாமிரம், புழுக்கள், பேராசிரியர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது. அவர் மீனின் செதிலை எடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"மூணாவது மாசமே தெரியும்கா."

அரிவாள்மணையில் வைத்த மீனை அவர் உடனே நறுக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரு சாவற வரைக்கும் தன் கைதான் ராசியில்லன்னு சொல்லிகினு இருந்தாரு. நானும் ஆமான்னேன். சண்டையில எத்தினி தபா அதையே சொல்லிக் காட்டியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மீனு வேணும்னா வாங்கு. இல்லன்னா தள்ளி நில்லு, பின்னாடி ஆளு நிக்கிது."

தள்ளி நின்றேன். பின்னால் இருந்தவர் நெத்திலி என்ன விலை என்று கேட்டார்.