செங்கலுக்கு ஆகாத மண்

மார்க்கையன்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட ஜோதிலட்சுமி வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, கட்டைவிரலால் தரையை அழுத்திப் பார்ப்பாள். கல்யாண வீட்டுப் பந்தலடியிலும் அப்படித்தான், ரேஷன் கடை வரிசையிலும் அப்படித்தான். யாராவது கவனித்துவிட்டால் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். வாய் அதிகம் பேசாது. எந்த மண் விரலுக்கு இளகும், எது இளகாது என்பது மட்டும் அவளுக்கு மனப்பாடம்.

இளகவே இளகாத மண் அவள் வீட்டு எழுபது சென்ட்தான். பதினெட்டு வருடம் திராட்சைப் பந்தல் நின்ற இடம். மருந்தடிக்கவும் கவாத்து பண்ணவும் ஒரே தடத்தில் ஆள் நடந்து நடந்து தரை இறுகிக் கிடந்தது. கொடி பட்டுப்போய்க் கல்தூண்களைப் பிடுங்கிய பிறகு உழுதால், மண் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மழை பெய்தால் நான்கு நாள் தண்ணீர் நிற்கும். ஐந்தாம் நாள் வெயிலில் மேல்மண் ஓடுபோலப் பொறுக்குத் தட்டிவிடும். முளைவிட்ட விதை மேலே வர வழியில்லாமல் உள்ளேயே மடங்கிச் சாகும்.

அந்த நேரத்தில்தான் செங்கல் சூளை நடத்தும் ஈஸ்வரபாண்டி வயலுக்கு வந்தார். ஒரு கை மண்ணை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டி, உருண்டையை வரப்பில் போட்டார். அது உடையவில்லை.

“தங்கம்யா இது. ஆறடி வெட்டிக்கிறேன். பள்ளத்த நீங்களே வச்சுக்கங்க” என்று சிரித்தார்.

ஜோதிலட்சுமியின் கணவர் முத்துராஜாவுக்குச் சம்மதம்தான். மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், சூளைக்காரர் போன பிறகு வெளியே வந்தாள்.

“ரெண்டு வருசம் பொறுங்க. அதுக்கப்பறமும் வெளையலைன்னா வெட்டக் குடுத்துருங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“இப்ப மட்டும் தொறந்துக்கிட்டா இருக்க?” என்றார் முத்துராஜா. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

அவள் மனதில் இருந்தது பக்கத்துப் பழச்சாறு ஆலை. சாறு பிழிந்த திராட்சைச் சக்கை அங்கே மலையாகக் கிடந்தது. வண்டி கொண்டுபோனால் அள்ளிக்கொள்ளலாம். ஆறு டிராக்டர் சக்கை வயலில் இறங்கியது. தவறும் அங்கேதான் நடந்தது. கோடையில் வயலில் ஆட்டுக்கிடை போட்டு, ஆடுகள் போன கையோடு உழுதுவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சக்கையும் அதுபோலத்தான் என்று நினைத்து, பச்சையாகவே பரப்பி உழுது கத்தரி நாற்று நட்டுவிட்டாள். பத்தே நாளில் நாற்று மஞ்சளித்துச் சுருண்டது. வயல் முழுக்கப் புளித்த நெடி.

பக்கத்து வயல் மாயக்காள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். “ஏத்தா, கத்தரி வச்சிருக்கியா, சாராயத்துக்கு ஊறல் போட்டிருக்கியா? எங்க வீட்டு ஆளு நித்தம் இந்தப் பக்கமே சுத்துறாக.”

ஜோதிலட்சுமி காய்ந்த நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். நெடி அடங்குவதற்குள் கேட்டு வாங்கிய இரண்டு வருடத்தில் ஒன்று போய்விட்டது.

மறுபடி ஆலைக்குப் போனபோது மதில் ஓரமாக ஒரு பழைய குவியல் கண்ணில் பட்டது. மேலே குப்பைக்கீரை இடுப்புயரம் வளர்ந்திருந்தது. கிட்டே போய்க் காலை வைத்தாள். பாதம் கணுக்கால்வரை புதைந்தது.

“அங்கன என்னம்மா தேடுறீக?” என்றார் காவலாளி லூர்துநாதன்.

“இது என்னதுண்ணே?”

“அதுவும் சக்கைதான். ரெண்டு வருசத்துக்கு முந்திக் கொட்டுனது. பருப்பு மில்லு லாரிக்காரனும் மிஞ்சுன தோலை இதுமேலயே தட்டிட்டுப் போயிட்டான். ரெண்டும் சேந்து ஒரே புகை. தீப்பிடிச்சிருச்சோன்னு நாங்க தண்ணிய ஊத்திக் கிண்டிவிட்டோம்.”

அவள் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தது. நெடியே இல்லை. அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. சக்கையின் சூடு குவியலிலேயே தணிய வேண்டும். பயிரின் வேருக்கடியில் போய்த் தணியக்கூடாது.

இந்த முறை சக்கை ஓர் அடுக்கு, பருப்புத் தோல் ஓர் அடுக்கு, மேலே சாணிக் கரைசல் என்று நெஞ்சுயரத்துக்குக் குவித்துத் தென்னங்கீற்றால் மூடினாள். உள்ளே ஒரு கடப்பாரையைச் செருகி வைத்தாள். முதல் வாரம் உருவினால் கையில் பிடிக்க முடியவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குவியலைப் புரட்டிப் போட்டாள். மூன்றாவது தடவை முத்துராஜாவும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

“நீ ஒத்தையில கிண்டுனா ஊரு என்னையத்தான் பேசும்.”

ஐந்தாம் மாதம் கடப்பாரை குளிர்ந்தே வந்தது. வயலில் பரப்பி மேலாக உழுது, சின்ன வெங்காயம் ஊன்றினார்கள்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் மாயக்காள் வயல் குளமாகக் கிடந்தது. ஜோதிலட்சுமியின் வயலில் பாத்திகளுக்கு நடுவே மட்டும் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. மதியத்துக்குள் அதுவும் இறங்கிவிட்டது. வெங்காயத் தாள் ஒன்றுகூடச் சாயவில்லை. அவள் ஒரு பயிரைக் கெல்லிப் பார்த்தாள். வேர் வெள்ளை வெளேரென்று நாலா பக்கமும் ஓடியிருந்தது. மண்ணுக்குள் இரண்டு மண்புழு நெளிந்தன. அந்த வயலில் அவள் மண்புழுவைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெங்காயம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஈஸ்வரபாண்டி, முத்துராஜா சொல்லியிருந்த இரண்டு வருடக் கெடு முடிந்ததென்று வந்தார். வழக்கம்போல மண்ணைப் பிசைந்து உருட்டினார். உருண்டை கையிலேயே பிளந்தது. நாலு எட்டு தள்ளிப் போய் வேறு மண் எடுத்தார். அதுவும் பொலபொலவென்று கொட்டியது.

“என்னத்தக் கலந்தீக? இதுல கல்லு அறுத்தா சூளையில வெடிச்சிரும். இத வழிச்சுப் போட்டுட்டு அடியில வெட்டுறதுன்னா எனக்குக் கட்டுபடியாகாது. இது செங்கலுக்கு ஆகாதுத்தா.”

ஜோதிலட்சுமி மோட்டார் அறைப் பக்கம் போகவில்லை. அவருக்கு நேரே நின்றாள்.

“வெங்காயத்துக்கு ஆகுதுண்ணே. வீட்டுக்கு ரெண்டு படி கொண்டுட்டுப் போங்க.”

முத்துராஜா சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சூளைக்காரர் துண்டை விரித்து வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது எழுபது சென்ட்டிலும் பீட்ரூட் நிற்கிறது. மாயக்காள் தன் வயலில் முதல் குவியலைப் போட்டிருக்கிறாள். வடமேற்கு மூலையில் மட்டும் மழைக்கு இன்னும் தண்ணீர் தேங்குகிறது. அங்கே இந்த ஆடியில் இரண்டு டிராக்டர் உரம் போடுவது என்று ஜோதிலட்சுமி சொல்லிவிட்டாள்.