மினுக்கக் கூடாத பக்கம்

உலோகத்தை அச்சடிக்கிற மெஷினுக்குத்தான் பேரும் புகழும். அச்சடித்து வந்ததைத் தேய்த்து ஆளாக்குகிற எங்களுக்குத் தூசிதான் மிச்சம். வண்ணார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் கூடம். எலும்புக்குப் பதிலாக உடம்புக்குள் வைக்கிற டைட்டானியத் துண்டுகள் இங்கேதான் தயாராகின்றன. நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள், எந்தத் தொழிலாக இருந்தாலும், என் கட்சிதான்.

பனங்கிழங்கு

மெஷின், டைட்டானியப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகப் பொருளைச் செய்கிறது. வெளியே எடுத்தால் அப்போதுதான் தோண்டிய பனங்கிழங்கு போல இருக்கும். மேலெல்லாம் பொடி ஒட்டியிருக்கும். அடியில் முட்டுக்கொடுத்த கம்பிகள் வேராகத் தொங்கும். கம்பியை வெட்டி, அரம் போட்டு, மணலை வீசியடித்து, பிறகு பாலிஷ். ராதாபுரத்திலிருந்து என் மைத்துனன் ஒருநாள் பார்க்க வந்தான். மெஷினை வாய் பிளந்து பார்த்தவன், மூலையில் அரமும் கையுமாக இருந்த என்னைக் கண்டதும் முகம் சுருங்கிப்போனான். "இம்புட்டுப் பெரிய மெஷினை வச்சிக்கிட்டு, கடைசியில கையாலதான் தேய்க்குதியளா அத்தான்?"

உவரித் தாடை

சேவியர், உவரிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். தாடையில் புற்று. கெட்ட எலும்பை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டிய துண்டு என்னிடம் வந்தது. நாக்குக்குச் சேதமில்லை, பேச்சு தப்பிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். குரல்தான் அவர் பிழைப்பு. அதனாலேயே உயிரைக் கொடுத்துத் தேய்த்தேன்.

இதற்கு முன் பத்து வருஷம் எவர்சில்வர் பட்டறையில் இருந்தவன் நான். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்காத பாத்திரத்தை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், எலும்போடு சேர வேண்டிய இரண்டு முனைகளையும் கண்ணாடியாக்கிவிட்டேன். அங்கே சொரசொரப்பு இருந்தால்தான் எலும்பு பற்றிப் பிடிக்கும். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. கை ஓடிய வேகத்தில் நான் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் ஐசக் சார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பைய மேசையில் வைத்தார். "ரொம்ப அழகா இருக்குவே. ஆனா இதை ஒருத்தர் வாயில வைக்க முடியாது."

இரண்டு வாரம்

தேய்ந்து அளவு குறைந்த முனையைத் திருத்த வழியில்லை. மறுபடி அச்சடித்து, சூளையில் வைத்துப் பதப்படுத்தி எடுத்து, தேய்த்து முடிக்க இரண்டு வாரமாயிற்று. இந்தத் தடவை முனைகளில் டேப் சுற்றிய பிறகே அரத்தைத் தொட்டேன். கொடுத்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புது ஸ்கேனில் கட்டி நாக்கு வரை பரவியிருக்கிறதாம். கூடுதலாக வெட்ட வேண்டும், பெரிய துண்டாக வேண்டும் என்றார்கள். முன்னாலேயே அறுத்திருந்தால் நாக்கு தப்பியிருக்குமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐசக் சார்தான் கேட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "டாக்டர் பதில் சொல்லலவே."

பார்க்க வந்தவர்கள்

மூன்று மாதம் கழித்துச் சேவியரும் அவர் மனைவி மரியசெல்வியும் கூடத்துக்கு வந்தார்கள். மூன்றாவது தாடை நன்றாகப் பொருந்தியிருந்தது, முகம் கோணவில்லை. பேச்சு மட்டும் போய்விட்டது. ஏலத்தை இப்போது தம்பி கூறுகிறானாம். நாற்காலி போட்டேன், இருவரும் உட்காரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. தாமதத்துக்கு நான்தான் காரணம், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சேவியர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கோபமில்லாமல்தான் பேசினாள். "தெரியும் அண்ணாச்சி, டாக்டர் சொல்லிட்டாவ. அந்த ஆளு யாருன்னு ஒரு தடவை பாக்கணும்னு இவிய எழுதிக் காட்டினாவ. பாத்தாச்சு."

எதைத் தேய்க்காமல் விட வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வித்தை, ஆனால் சம்பளம் என்னவோ எனக்கு முழுசாகத் தேய்ப்பதற்குத்தான் வருகிறது.