முதல் வாளி செடிக்கு

எங்கள் ஆய்வகத்தில் பம்பு ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. அன்று காலை, அலுவலக உதவியாளர் யாதகிரி வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே உள்ளே வந்து சுவிட்சை அணைத்தார். ஓடுகிற சோதனையை ஒருவர் நிறுத்தினால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். "கைக்கு பந்த் கியா?" ஏன் நிறுத்தினாய் என்று ஹைதராபாத் ஹிந்தியில் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "போன் சார். கிரேஸ் மேடம் வீடு" என்றார்.

மேடத்தின் மகன் சாமுவேல் வீட்டிலிருந்து பேசினான். "அங்கிள், மம்மி தூக்கத்துலயே போய்ட்டாங்க. ஈவினிங் சர்ச். நீங்க வரணும்." திரும்பி வந்து பம்பைப் போடப் போனேன். கை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருந்த அறையில் இப்போது வேறு ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகின்றன. ஆனாலும் அந்தச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அழுதேன்.

இதைப் படிக்கும் நம் பழைய மாணவர்களில் டாக்டர் கிரேஸ் தவமணியிடம் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து செகந்திராபாத்துக்கு அவர் தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். ஆனாலும் பேச்சில் நெல்லை போகவில்லை. நடுநடுவே ஹைதராபாத்தும் வந்து உட்கார்ந்துகொள்ளும். குடிநீரில் உள்ள கிருமிகள் அவருடைய துறை. குழாயில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் பல்கலைக்கழகம் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றைக் கட்டி வைத்திருந்தது. நான் வேலையில் சேர்ந்த வாரத்தில், என் பம்பு போட்ட ஆட்டத்தில் அவருடைய மேசைக் கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் கிணுகிணுத்திருக்கின்றன. கையில் ஒரு குழாயோடு நேரே வந்து நின்றார்.

"கைக்கு சார், எங்க கிருமிக்கெல்லாம் ஊஞ்சல் கட்டி ஆட்டுதீங்க? அதுக தூங்க வேண்டாமா?"

"பம்பு இல்லாம எனக்கு வேலை இல்ல மேடம்."

"ஹவ், ஆமா சரிதான். அப்போ நேரம் போட்டுக்கிடுவோம்."

அன்றே சாக்பீஸால் என் கதவில் எழுதினார்: காலை உங்களுக்கு, மதியம் கிருமிக்கு. அன்று முதல் நான் அவருக்குக் குழாய் சார். என் பெயர் நாராயணன் என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

நான் சொல்ல வந்தது ஹைதராபாத்துத் தொழிற்பேட்டையான நாச்சாரத்தின் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றின் கதை. எழுபதுகளின் பிற்பகுதி. அங்கே குழாயில் தண்ணீர் காலையில் சில மணி நேரம்தான் வரும்; வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை. தண்ணீரைப் பரிசோதிக்கும் பொறுப்பு எங்கள் துறைக்கு வந்தது. சேலத்துக்காரரான முருகேசன் அங்கே ஒரு சின்னத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்க்கும் டர்னர். அவர் காமாலையில் படுத்துவிட்டார். மனைவி சரோஜாவுக்கு நிறைமாதம். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் உயிருக்கே ஆபத்து என்று மேடத்துக்குத் தெரியும். முதல் நாள் அந்த வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மாணவர்கள் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார்கள். முறை உங்களுக்குத் தெரியும்: குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, நெருப்பு காட்டி, தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளபடி ஒரு குறையும் இல்லாமல் செய்தார்கள். வந்த தண்ணீரெல்லாம் சுத்தம். மறுவாரமும் சுத்தம். துறைத்தலைவர் சந்தோஷப்பட்டார். "தண்ணீரில் குற்றமில்லை, ஜனங்கள் தெருவில் வாங்கித் தின்பதுதான் காரணம்" என்று அறிக்கை தயாரானது. மேடம் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"குழாய் சார், பாட்டில்ல இருக்கது நல்ல தண்ணிதான். ஆனா அந்தச் சரோஜாப் பிள்ள குடிக்கது இதே தண்ணியா? நாளைக்குத் தண்ணி வாரதுக்கு முன்னாலயே போவோம். வாங்க."

என் வீடு இருந்த ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். மேடம் எனக்கு முன்னாலேயே சரோஜா வீட்டு வாசலில் நின்றிருந்தார். குழாய் 'புஸ்' என்று காற்றைத் துப்பத் தொடங்கியதுமே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரோஜா குடத்தை அடியில் வைத்துவிட்டாள். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் இத்தனை நாளும் ஓடவிட்டுத் தரையில் கொட்டிய தண்ணீர் எதுவோ, அதைத்தான் இந்தத் தெரு முதல் தண்ணீராகக் குடத்தில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது.

துடைக்கவில்லை, நெருப்பு காட்டவில்லை. அந்தக் குடத்திலிருந்தே மேடம் ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டார். பிறகு குடத்தைக் கவிழ்த்தார்.

"ஐயோ, ஏங்க மேடம்! மொதத் தண்ணிய வுட்டுட்டா அப்புறம் வருதோ, நின்னு போவுதோ!"

"வரும்மா. மொத வாளி செடிக்கு. ரெண்டாவதுதான் குடத்துக்கு. அதையும் காய்ச்சிக் குடி. என்னைய நம்பு."

இதையே தெரு முழுக்கச் சொன்னார், பாதி தெலுங்கிலும் பாதி ஹிந்தியிலும். சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் முதல் வாளி கொட்டும்வரை நகரவில்லை.

ஆய்வகத்தில், அந்த பாட்டில் தண்ணீர் விட்ட ஊதா நிறக் கரைசல் கொண்ட சோதனைக் குழாய்கள் அத்தனையும் மஞ்சளாகிக் குமிழியிட்டன. மலக் கிருமி இருப்பதற்கான அடையாளம் அது; கலந்திருந்தது சாக்கடை. துறைத்தலைவர் ஒப்பவில்லை. முறைப்படி எடுக்காத தண்ணீர் கணக்கில் வராது என்றார். அதோடு, அழுத்தத்தோடு ஓடும் குழாய்க்குள் வெளியிலிருந்து அழுக்கு எப்படி நுழையும் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் மேடம் என்னிடம்.

எத்தனையோ வருடம் குழாய்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு மனித உயிருக்காக ஒருவர் என் படிப்பைக் கேட்டது அன்றுதான். கண்ணாடிக் குழாய்களை இணைத்து, ஒரு மூட்டு மட்டும் தளர்வாக இருக்கும்படி விட்டு, அதை நீல மை கலந்த தண்ணீர்த் தட்டில் அமிழ்த்தி வைத்தேன். நகரத்துக் குடிநீர்ப் பொறியாளரும் துறைத்தலைவரும் வந்து நின்றார்கள். பம்பு ஓடியது, தெளிந்த தண்ணீர். வால்வை மூடினேன். தாழ வைத்திருந்த குழாய் வழியே மிச்சத் தண்ணீர் வடிந்தது. வடியும்போது தளர்ந்த மூட்டு, இளநீரை உறிஞ்சுவதுபோல் நீலத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி பம்பைப் போட்டேன். முதலில் நீலம், பிறகு தெளிந்த தண்ணீர்.

"அந்தத் தெருவில் குழாய் எங்கே சாக்கடையைக் கடக்கிறது?" என்று மட்டும் பொறியாளர் கேட்டார். தோண்டினார்கள். மூட்டு விட்டிருந்தது. மாற்றினார்கள். சோதனை காட்டிய அன்று, கிருமிகள் தூங்கும் மதிய நேரம் என்பதையே மறந்து, என் பம்பு நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எனக்குக் கொடுத்த பெரிய விருதாக அதைத்தான் நினைக்கிறேன்.

சரோஜாவுக்குக் காமாலை வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. கிரேஸ் என்றா பெயர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். சுஜாதா என்று வைத்தார்கள். மேடத்துக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வருடாவருடம் கிறிஸ்துமஸ் கேக்கோடு அந்த வீட்டுக்குப் போனார். போனதும் முதலில் குழாயடியைத்தான் பார்ப்பாராம்.

அடக்கம் முடிந்து செகந்திராபாத் வீட்டுக்கு வந்தோம். சரோஜாவும் மகளோடு வந்திருந்தாள். நகரின் பல மூலைகளிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் குழாய் 'புஸ்' என்றது. சுஜாதா எழுந்து போனாள், உயரமாக வளர்ந்துவிட்டவள். சற்று நேரத்தில் எனக்கும் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள்.

அந்த நாச்சாரம் காலையிலிருந்து நான் யார் வீட்டிலும் கேள்வி கேட்காமல் தண்ணீர் குடித்ததில்லை. என் மனைவிக்கு இது பெரிய மானக்கேடு. அன்றும் வாய் சும்மா இருக்கவில்லை. "இது முதல் தண்ணியாம்மா?"

"காது அங்கிள்!" என்றாள், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போல. "மொதடி பக்கெட் செட்லகு போசானு." இல்லை அங்கிள் என்கிறாள்; முதல் வாளியைச் செடிக்கு ஊற்றிவிட்டாளாம். இதுகூடத் தெரியாமல் இவர் என்ன கிழவர் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவள் தாய் குடத்தைக் கவிழ்க்க விட்ட காலையில், அவள் இன்னும் பிறக்கவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மேடத்தின் குரோட்டன்ஸ் செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது. என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது ஒரு வாளி நேரம் காத்திருக்கும் பொறுமை மட்டும்தான். அதை வைத்துக்கொள்கிறேன் மேடம். டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன். நல்ல தண்ணீர்.